அமைதி என்றால் திருப்தி

ஜூன் 2, திங்கள்

காலையில் நாற்காலியில் உட்காருவதற்குள் மூன்றாம் மாடி ஐயா கூப்பிட்டுவிட்டார். புகார் பிரிவில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பெயரைச் சொல்ல மாட்டார். "மூணாம் மாடிம்மா. இன்னிக்கும் தண்ணி ஏறலை" என்பார், அவ்வளவுதான்.

"உங்க பகுதியில அழுத்தம் குறைவா இருக்குங்க ஐயா. நடவடிக்கை எடுத்துட்டு இருக்கோம். ஒத்துழைப்புக்கு நன்றி."

ஆறு வருடமாகக் குடிநீர் வாரியத்தில் இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்று வீட்டில் இவர் சொல்கிறார். நம்புகிறேன்.

மத்தியானம் ஸ்கேனுக்குப் போனோம். டாக்டரம்மா திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பனிக்குடத்துல தண்ணி குறைவா இருக்கும்மா. கவனிச்சுக்கிட்டு இருப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் வருகிறது. பக்கத்தில் இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்க ஆபீஸ்லயும் இதையேதான் சொல்லுவோம் டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது, உனக்கு ஏழு, ஐந்துக்குக் கீழே போனால் காத்திருக்க மாட்டேன் என்றார். நீர் கசிகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். இருந்தால் ஒரு துளியானாலும் வெட்கப்படாமல் வந்து சொல் என்றார்.

இன்னொரு செய்தி: குழந்தை உட்கார்ந்திருக்கிறது. தலை மேலே, பின்பக்கம் கீழே. முப்பத்து நாலாவது வாரத்தில் தலை கீழே வந்திருந்தால் நல்லதாம். இன்னும் திரும்ப நேரம் இருக்கிறதாம்.

தண்ணீர் இல்லை, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அசல் எங்கள் வாரியத்து அதிகாரி.


ஜூன் 3, செவ்வாய்

அத்தை பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். இனி ஆண்டவன் விட்ட வழி.


ஜூன் 5, வியாழன்

இந்த வீட்டில் இப்போது தண்ணீரைத் தவிர வேறு பேச்சில்லை.

இவர் கணக்கு வாத்தியார் அல்லவா, சும்மா இருப்பாரா? ஃப்ரிட்ஜ் கதவில் வரைபடத் தாள் ஒட்டியிருக்கிறார். படுக்கைவாட்டில் நான் குடித்த தண்ணீர், நெடுக்குவாட்டில் வயிற்றில் இருக்கும் தண்ணீர். அடுத்த ஸ்கேன் வரைக்கும் நெடுக்குக்கோட்டில் ஒரே ஒரு புள்ளிதான். அந்த ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு ஏறுமுகம் என்கிறார்.

அத்தையின் கணக்கு வேறு. வாய் வழியாக ஊற்றினால் தொட்டி நிரம்பும். ஒரு டம்ளர் முடிவதற்குள் அடுத்தது வருகிறது. தண்ணீர், சாறு, சூப், மறுபடி தண்ணீர். நான் படுக்கைக்கும் கழிவறைக்கும் நடக்கிற நடையில் செருப்பு தேய்ந்துவிட்டது.

"அத்தை, எல்லாம் அப்படியே வெளியில போயிடுது."

"போறது போகட்டும். தங்குறது தங்கும். குடி."

டாக்டரம்மாவும் நிறையக் குடிக்கத்தான் சொன்னார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இப்படி அணைக்கட்டை நிரப்புகிற மாதிரி இல்லை.


ஜூன் 7, சனி

குடும்ப மாநாடு. தீர்மானம்: அதிகாரியைத் திருப்புவது.

நாத்தனார் போனில் தலைமை தாங்கினாள். அவள் இரண்டு பெற்றவள், ஆகவே நிபுணர். இவருக்கு ஒரு வீடியோ கிடைத்திருக்கிறது: கீழ் வயிற்றுப் பக்கம் டார்ச் அடித்தால் குழந்தை வெளிச்சத்தைத் தேடி வருமாம். மேல் வயிற்றில் ஐஸ் வைத்தால் குளிர் தாங்காமல் தலையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுமாம். கீழே பாட்டு வைத்தால் கேட்க வருமாம்.

ஆக இன்று சாயங்காலம் நான் முட்டி போட்டு, முழங்கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கிடந்தேன். இவர் டார்ச் பிடித்தார். அத்தை ஐஸ் பை பிடித்தார். போனில் நாத்தனார், "இன்னும் கொஞ்சம் கீழ அடிண்ணே!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்து, வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்லக்கா, புள்ளையத் திருப்புறோம்" என்றார் அத்தை, ஏதோ அடுப்பில் இருப்பதைத் திருப்புகிற மாதிரி.

அந்த அக்கா ஓடிவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே வந்து, தன் போனில் பாட்டு வைத்துக் கீழே பிடித்துக்கொண்டார்.

நான் தலைகீழாக நின்றாகிவிட்டது. நிற்க வேண்டியவர் மட்டும் நிற்கவில்லை.


ஜூன் 9, திங்கள்

திரும்பிவிட்டது! ஆனால் கீழே இல்லை. குறுக்கே.

இப்போது படுத்திருக்கிறது. தலை என் வலது பக்கம், கால் இடது பக்கம், பெஞ்சில் மதியத் தூக்கம் போடுகிறவர் மாதிரி. தண்ணீர் ஏழரை. அந்த அரைக்கு நான்கு பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். சூப்பால் என்கிறார் அத்தை, டார்ச்சால் என்கிறார் இவர், தான் சொன்ன கோணத்தால் என்கிறாள் நாத்தனார். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாட்டின் பெயரை மட்டும் மூன்று தடவை ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

இன்றைக்கு டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இந்தப் பனிக்குடத் தண்ணீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தானாம். அது குடித்து, அது கழித்து, அதிலேயே மிதக்குமாம்.

பாவம் அத்தை. இத்தனை நாள் பார்த்துப் பார்த்து ஊற்றிய சூப்பெல்லாம் எதற்கு? வரும் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "படிச்சவங்க சொல்லுறாங்க... ஆனா இதையெல்லாம் வெளியில சொல்லிக்காத" என்றார்.

இவர் வரைபடத்தின் நெடுக்குக்கோட்டுப் பெயரை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.


ஜூன் 12, வியாழன்

நன்றாக உதைக்கிறது. சாப்பிட்டு முடித்த கையோடு கவாத்து. விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டினேன். பிறகு தடவிக்கொடுத்தேன்.


ஜூன் 16, திங்கள்

தண்ணீர் ஆறு. அதிகாரி மறுபடி நாற்காலிக்கே போய்விட்டார், தலை மேலே.

வெளியிலிருந்து கையால் அழுத்தித் திருப்புவார்கள் என்று படித்திருந்தேன். கேட்டேன். "தண்ணி தாராளமா இருந்தா முயற்சி பண்ணலாம். இவ்வளவு கம்மியில வேணாம்மா. சுத்துறதுக்கு உள்ள இடம் வேணும்ல?" என்றார் டாக்டரம்மா. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, வளர்ச்சி கொஞ்சம் சிறிசு, வாரம் இரண்டு தடவை வந்து இதயத் துடிப்பு பார்க்க வேண்டும். இப்படியே இருந்தால் முப்பத்தேழாவது வாரத்தில் ஆபரேஷன்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "அசைவு குறைஞ்சா வந்துடணும். நாளைக்குப் பார்க்கலாம், காலையில பார்க்கலாம்னு இருக்கக்கூடாது. ஜில்லுனு ஏதாவது குடிச்சுட்டு இடது பக்கமா படுத்துப் பாருங்க. அப்பவும் சரியில்லையா, போன்கூட பண்ண வேணாம், கிளம்பி வந்துடுங்க."

வீட்டில் அத்தை ஒரு பிரகடனம் வெளியிட்டார். "எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தி வயித்துலயும் கத்தி பட்டதில்லை."

என்னவோ வெளிநாட்டுப் படையெடுப்பைத் தடுத்து நிறுத்திய வம்சம் மாதிரி!

"புள்ளை உட்கார்ந்திருக்கே அத்தை."

"உட்கார்ந்தது எந்திரிக்காதா? உனக்குத்தான் அவசரம்."

எனக்கா அவசரம்? இந்த வயிற்றோடு செருப்பு போடவே கால்மணி நேரம் ஆகிறது எனக்கு. கோபத்தில் இரண்டு டம்ளர் தண்ணீரை மிச்சம் வைத்தேன். பிறகு பயந்துபோய்க் குடித்துவிட்டேன்.


ஜூன் 18, புதன்

ஆபீஸில் கடைசி நாள். நாளையிலிருந்து விடுப்பு.

மூன்றாம் மாடி ஐயா இந்த வாரம் கூப்பிடவே இல்லை. பிரிவுத் தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் பிரிவின் விதி அவர் கண்டுபிடித்ததுதான்: புகார் கொடுத்தவர் மூன்று நாள் மறுபடி கூப்பிடவில்லை என்றால், புகார் சரிசெய்யப்பட்டது. யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, குழாயைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இந்த விதி வந்த வருடமே எங்கள் பிரிவுக்குப் பாராட்டுக் கேடயம் கிடைத்தது.

"அமைதின்னா திருப்திம்மா" என்பார். அவர் மேஜைக்குப் பின்னால் அதைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் பாக்கி.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. காலையில் அந்தக் குரல் இல்லாமல் தேநீர் சூடாகக் குடிக்க முடிந்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு கைப்பை பரிசு கொடுத்தார்கள். பிரிவுத் தலைவர் பேசினார். "இவங்க சீக்கிரமா, சுகமா..." என்று ஆரம்பித்துவிட்டு, பழக்க தோஷத்தில் "ஒத்துழைப்புக்கு நன்றி" என்று முடித்தார்.


ஜூன் 20, வெள்ளி

ஆஸ்பத்திரி. கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏதாவது எழுதாவிட்டால் கத்திவிடுவேன் போல இருக்கிறது.

காலையில் சாப்பிட்ட பிறகு கவாத்து இல்லை. பத்து மணிக்கு மேல்தான் உறைத்தது. வயிற்றில் கை வைத்தேன். தட்டினேன். ஒரு பதிலும் இல்லை.

அத்தையிடம் சொன்னேன். "தூங்குதும்மா. பாவம், இன்னிக்குத்தான் உன்னை நிம்மதியா விட்டிருக்கு" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னார். இவருக்குப் போன் போட்டேன். வகுப்பில் இருந்தார். "தண்ணி குடிச்சியா? குடி. குடிச்சிட்டுப் படு. சாயங்காலம் வந்ததும் பார்க்கலாம்." நாத்தனார், "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு அண்ணி, கடைசியில இடம் பத்தாதுல்ல" என்றாள். ஆளாளுக்கு ஒரு சமாதானம். எனக்கும் அந்தச் சமாதானம் வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. நம்பிவிட்டால் படுத்துத் தூங்கலாம்.

ஜில்லென்று சாறு குடித்தேன். இடது பக்கம் படுத்தேன். ரொம்ப நேரம். ஒரே ஒரு தடவை, ஏதோ லேசாக நகர்ந்த மாதிரி. அதுவும் நானாக நினைத்துக்கொண்டதா என்று தெரியவில்லை.

அப்போது போன். பிரிவுத் தலைவர். விடுப்பில் இருப்பவளைக் கூப்பிட்டு நல்ல சேதி சொல்கிறார்! "மூணாம் மாடி புகாரை மூடிட்டோம்மா! வாரம் முழுக்க ஆள் கூப்பிடவே இல்லை. அமைதின்னா திருப்தி, நான் சொல்லலை?"

ஆறு வருடமாக அந்த ஆள் ஒரு காலைகூடத் தவறவிட்டதில்லை. தண்ணீர் வந்திருந்தால் வந்தது என்று சொல்வதற்காவது கூப்பிட்டிருப்பார், என்னைத் திட்டுகிற கடைசி வாய்ப்பை விட்டுவிடுகிற மனிதர் இல்லை. அப்படியென்றால் ஏன் அமைதி? கத்திக்கொண்டிருந்தவர்கள் கத்துவதை நிறுத்தினால் அவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று யார் சொன்னது?

நாங்கள் சொன்னோம். கேடயம் கொடுத்தார்கள்.

போனைக் கட்டிலில் போட்டேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று கத்தினேன். என்ன சொல்வாரோ, சண்டை போட வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தால், அத்தை ஏற்கெனவே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் பை. ஆட்டோவும் நிறுத்தியாகிவிட்டது.

வயிற்றில் பட்டை கட்டினார்கள். இதயத் துடிப்பு கேட்டது. கேட்டதும் அழுதுவிட்டேன். ஆனால் நர்ஸ் முகம் மாறியது. துடிப்பு நடுநடுவே இறங்கி இறங்கி ஏறுகிறது. ஸ்கேனில் தண்ணீர் மூன்று.

டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். "நல்ல வேளை வந்தீங்க. இன்னிக்கே எடுத்துடலாம். இப்பவே."

இவர் வந்துகொண்டிருக்கிறார். கையெழுத்து போட்டுவிட்டேன். கூப்பிடுகிறார்கள்.

இரும்மா. இரு. உதைக்காவிட்டாலும் பரவாயில்லை, இரு.


ஜூன் 22, ஞாயிறு

பெண்.

முதுகில் ஊசி, மார்புக்கு முன்னால் பச்சைத் திரை, அந்தப் பக்கம் என்னென்னவோ சத்தம். யாரோ மேஜை இழுப்பறையில் சாவி தேடுகிற மாதிரி என் வயிற்றில் துழாவினார்கள். வலி இல்லை. பயம்தான். அதிகாரி கடைசிவரை மரபை விட்டுக்கொடுக்கவில்லை. உலகத்துக்கு முதலில் பின்பக்கத்தைத்தான் காட்டினாள். அப்புறம் கால், அப்புறம் உடம்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் தலை.

அப்புறம் அமைதி.

ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். இருக்கட்டும். அந்த அறையில் ஒருவரும் அதைத் திருப்தி என்று நினைக்கவில்லை. துடைத்தார்கள், தேய்த்தார்கள், குழாய் வைத்து உறிஞ்சினார்கள், "அழு, அழு" என்றார் ஒரு நர்ஸ். நான் திரையைப் பிடித்து இழுக்கப் போனேன்.

அழுதாள். பூனைக்குட்டி மாதிரி ஆரம்பித்து, பிறகு அறையே அதிரக் கத்தினாள். ஆறு வருடமாக எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். ஒரு புகாரைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுதது அதுதான் முதல் தடவை.

இரண்டேகால் கிலோ. இரண்டு நாள் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள், இன்று என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே மடக்கி உட்கார்ந்திருந்த பழக்கம் போகவில்லை, கால் இரண்டும் காதுப் பக்கம் போய் நிற்கிறது. கீழே இறக்கினால் ஸ்பிரிங் மாதிரி மேலே போகிறது. போகப் போகச் சரியாகிவிடும், இடுப்பை மட்டும் பிறகு ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள்.

இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். "சாயங்காலம் பார்க்கலாம்னு சொன்னேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாராம்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன் வீட்டுக்காரனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு உண்டாச்சு."

எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியுமா என்று தெரியவில்லை.

"அமைதியாத்தான் இருந்துச்சு. தூங்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சத்தம் போடாம இருந்தேன், எந்திரிச்சிடப் போகுதேன்னு." பாட்டில் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். "நீ சொன்னதும் எனக்கு அதே வார்த்தைதாம்மா வாயில வந்துச்சு. வேற வார்த்தை யாரும் எனக்குச் சொல்லித் தரலையே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் நன்றாக அழுதோம்.

சாயங்காலம் பார்க்க வந்தவர்களிடம், "நான்தான் ஆட்டோவை நிறுத்தி உடனே கிளம்புன்னேன். கத்தியாவது ஒண்ணாவது, புள்ளைதானே முக்கியம்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.


ஜூன் 25, புதன்

தையல் இழுக்கிறது. சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டா?


ஜூன் 30, திங்கள்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா குழந்தைக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினார். குழந்தை கத்திய கத்தலில் பாட்டு கேட்கவில்லை. "ஞாபகம் வச்சிருக்கா பாரு!" என்றார்.


ஜூலை 9, புதன்

இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று காலை பால் கொடுத்துவிட்டு, மடியில் இவளை வைத்துக்கொண்டே மூன்றாம் மாடி ஐயாவுக்குப் போன் செய்தேன். ஆறு வருடத்தில் நாங்களாக அவரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. எண் மனப்பாடம்.

ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"ஐயா, தண்ணி வருதா?"

குரலைக் கண்டுபிடித்துவிட்டார். "வரலை. எங்க வருது? கீழயிருந்து பக்கெட்டுல தூக்கினேன். படியில விழுந்து கை உடைஞ்சு போச்சு. கட்டு போட்டுக்கிட்டு என் தங்கச்சி வீட்டுல கிடந்தேன். ஒரு மாசம் ஆகப்போகுது, நேத்துதான் வந்தேன்." மூச்சு வாங்கினார். "ஏம்மா, ஒருத்தன் தினமும் கத்திக்கிட்டு இருந்தானே, ஆளைக் காணோமேன்னு உங்களுக்கு ஒரு நாளும் தோணலையா?"

தோணலை ஐயா, நிம்மதியா இருந்துச்சு. இதை எப்படிச் சொல்வது? மன்னிச்சுக்கங்க என்றேன். அதற்குள் இவள் சிணுங்கினாள்.

"என்ன சத்தம்? குழந்தையா? அடடே. உனக்கா? எப்ப?" குரலே மாறிவிட்டது. "என்ன குழந்தை?"

"பொண்ணுங்க ஐயா. அன்னிக்கு நீங்க..." என்று ஆரம்பித்தேன். அது நீளமான கதை. "நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப போனை வைம்மா. புள்ளைக்காரி காலங்காத்தால தண்ணி தண்ணின்னுட்டு! நான் நாளைக்குக் கூப்பிட்டுத் திட்டிக்கறேன்."

வைத்ததும் பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டேன். வாழ்த்துச் சொன்னார், எடை கேட்டார். மூன்றாம் மாடிப் புகாரைத் திறக்கச் சொன்னேன்.

"மூடினதைத் திறக்க வழியே இல்லையேம்மா. அப்படி ஒரு பழக்கமே நம்மகிட்ட கிடையாது."

"அப்ப புதுசா ஒண்ணு எழுதிக்கங்க. என் பேர்ல."

"உங்க வீட்டுலதான் தண்ணி வருதே?"

"அவர் வீட்டுல வரலை. வர்ற வரைக்கும் தினமும் காலையில நான் கூப்பிடுவேன்."

"நீங்க விடுப்புல இருக்கீங்கம்மா. நல்லா ஓய்வெடுங்க. பார்க்கலாம், நடவடிக்கை எடுத்துட்டு..."

பசியோ என்னவோ, இவள் வாயைத் திறந்து ஆரம்பித்தாள். கால் இரண்டும் காதுக்குப் போய்விட்டன, முகம் சிவந்துவிட்டது. அத்தை சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

இருங்க அத்தை என்றேன். போனை இவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.